பருவ உணவு என்றால் என்ன? செடியின் வரவு செலவிலிருந்து ஒரு விளக்கம்

"அந்தந்தப் பருவத்தில் விளைவதை உண்ணுங்கள்" என்ற அறிவுரையை இன்று கேட்காதவர் இல்லை. ஆனால் பருவம் என்பது எது என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வருகிறது. ஒருவர் எந்த மாதம் எந்தக் காய் என்று ஒரு பட்டியலை நீட்டுகிறார். இன்னொருவர், வெயில் காலத்தில் நம் உடல் குளிர்ச்சியை நாடுகிறது, அதனால்தான் இயற்கை அப்போது தர்பூசணியைத் தருகிறது என்கிறார். மற்றொருவர், பக்கத்து ஊரில் விளைந்த எதுவும் பருவ உணவுதான் என்று முடித்துவிடுகிறார்.

இவற்றில் இரண்டாவது விடை பலருக்கும் பிடித்தமானது என்பதால் அதை முதலில் பார்த்துவிடலாம். நம் வீடுகளில் மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் "சூடு" என்றுதான் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த இரண்டும் கத்திரி வெயில் கொளுத்தும் காலத்தில்தான் மரத்தில் பழுக்கின்றன. நம் உடலின் தேவையை அறிந்து இயற்கை பரிமாறுகிறது என்றால் இது நடந்திருக்கக் கூடாது. மாமரம் நமக்காகப் பழுப்பதில்லை. அதற்கு அதன் வேலை இருக்கிறது, அந்த வேலைக்கு ஒரு கால ஒழுங்கும் இருக்கிறது. அந்த ஒழுங்கைப் புரிந்துகொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இராது.

வீட்டுக் கணக்கும் செடியின் கணக்கும்

ஓர் உழவர் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உழைப்பவர்கள் கொண்டுவரும் வருவாயில் ஒரு பகுதி அன்றாடச் செலவுக்குப் போகிறது. மிஞ்சுவது குதிரில் சேர்கிறது. வீட்டில் ஒரு திருமணம் வந்தால், பல மாதமாகச் சேர்த்ததெல்லாம் ஒரே வாரத்தில் குதிரிலிருந்து வெளியேறிவிடுகிறது. குழந்தைகள் வெளியூருக்குப் பிழைக்கப் போகும்போது கையில் கட்டுச்சோறு கொடுத்து அனுப்புகிறார்கள்.

செடியின் வாழ்க்கையும் இந்த முறையில்தான் நடக்கிறது. இலைகள் வெயிலைக் கொண்டு சர்க்கரை ஆக்குகின்றன; ஆகவே இலையை, ஆக்கும் இடம் என்று சொல்லலாம். அந்தச் சர்க்கரை எந்த உறுப்புக்குப் போய்த் தங்குகிறதோ அது சேரும் இடம். சேரும் இடம் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையில் கவனிக்க வேண்டிய முதன்மையான செய்தி. செடி சிறிதாக இருக்கும்போது புதிய தளிர்களும் வேர்களுமே சேரும் இடங்கள். வளர்ந்த பிறகு சில செடிகள் தண்டிலோ கிழங்கிலோ சேமிக்கின்றன. பூக்கும் காலம் வந்துவிட்டால் பெரும்பகுதிச் சர்க்கரை பூவுக்கும் காய்க்கும் திரும்புகிறது. கடைசியில் விதைக்குள் மாவாகவும் எண்ணெயாகவும் புரதமாகவும் கட்டுச்சோறு கட்டப்படுகிறது.

நாம் உண்ணும் உறுப்பு எதுவோ, அது சேரும் இடமாக இருந்து நிறைகின்ற காலமே அந்த உணவின் பருவம்.

இதைச் சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். தண்டுக்கீரை பூக்கதிர் விட்ட பிறகு இலை முற்றி நாரோடிப் போகிறது, ஏனென்றால் செடி இலையைக் கவனிப்பதை நிறுத்திவிட்டது. பூத்தண்டு எழும்பிய முள்ளங்கியை நறுக்கினால் உள்ளே நெட்டி போலச் சக்கையாக இருக்கும், ஏனென்றால் அதன் குதிர் திருமணத்துக்காகக் காலியாகிவிட்டது. சேனைக்கிழங்கில் இதற்கு நேர்மாறானதைக் காணலாம்: சித்திரை, வைகாசியில் நட்ட செடியின் இலை பழுத்துச் சாய்ந்த பிறகுதான் அனுபவமுள்ளவர்கள் மண்வெட்டியை எடுப்பார்கள். இலையில் இருந்ததெல்லாம் கிழங்குக்குள் இறங்கிவிட்டது என்பதற்கு அந்தச் சாய்ந்த இலையே அடையாளம். நெல்லில் "பால் பிடித்திருக்கிறது" என்று உழவர்கள் சொல்லும் கட்டமும் இதுதான். இலையில் ஆன சர்க்கரை மணிக்குள் வந்து, மாவாக இறுகுவதற்கு முன் பால் போல நிற்கும் சில நாட்கள் அவை.

சுருங்கச் சொன்னால், ஆக்கும் இடம் இலை. சேரும் இடம் காலத்துக்குக் காலம் மாறுகிறது. நாம் உண்ணும் உறுப்புக்கு அந்த முறை வரும்போது அது பருவத்தில் இருக்கிறது.

பனை: ஒரே மரத்தில் ஓராண்டு முழுவதும்

இந்தக் கணக்கை ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டுமானால் பனைமரத்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை. தமிழ்நாட்டின் மாநில மரம் என்ற பெருமையைவிட, ஒரே சர்க்கரையை ஐந்து வடிவத்தில் நமக்குக் காட்டுகிறது என்ற பெருமை அதற்குப் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

தை, மாசியில் பனையில் பாளை வெளிப்படுகிறது. பாளை என்பது பூங்கொத்து. இலைகளில் ஆன சர்க்கரைநீர் அதை நோக்கி ஓடுகிறது. பனையேறுபவர் அந்தப் பாளையை இடுக்கி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிவிடும்போது, பூவுக்குப் போக வேண்டிய சர்க்கரைநீர் கலயத்தில் சொட்டுகிறது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காமல் பதநீராக நிற்கிறது. தடவாவிட்டால் நொதித்துக் கள்ளாகிறது. பதநீரைக் காய்ச்சி இறுக்கினால் கருப்பட்டி. பதநீர் ஆண்மரம், பெண்மரம் இரண்டிலும் இறங்கும், ஏனெனில் இரண்டுமே பூக்கின்றன. ஆனால் நுங்கு பெண்பனையில் மட்டும்தான் உண்டு. பதநீருக்காகச் சீவப்பட்ட பாளையில் நுங்கு கிடைக்காது, நுங்குக்காக விட்ட பாளையில் பதநீர் கிடைக்காது. ஒரே பணத்தை இரண்டு முறை செலவழிக்க இயலாது என்பதுதான் இதன் பொருள்.

சீவாமல் விட்ட பெண்பாளையில் சித்திரை, வைகாசி வாக்கில் நுங்கு திரள்கிறது. நுங்கு என்பது முற்றாத விதையின் உணவு. வருங்காலக் கன்றுக்கான கட்டுச்சோறு இன்னும் இறுகாமல் கூழாக இருக்கும் நிலை. சில வாரங்கள் தாமதித்தால் அது கடினப்பட்டுக் "கடுக்காய்" ஆகிவிடும், அதைத் தின்றால் வயிறு வலிக்கும் என்று குழந்தைகளை எச்சரிப்பார்கள். ஆடி, ஆவணியில் மேல்தோலுக்கு அடியில் நாரோடு கூடிய சதை மஞ்சளாகி மணக்கிறது; பனம்பழம் தானாகவே கீழே விழுகிறது. விலங்குகள் சதையைத் தின்று விதையை எங்காவது போட வேண்டும் என்பதற்காக மரம் கொடுக்கும் கூலி அது.

பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் வியப்பானது. பழம் தின்று எறிந்த பனங்கொட்டைகளைப் புரட்டாசி வாக்கில் மணல் மேட்டில் அடுக்கிப் புதைக்கிறார்கள். கொட்டைக்குள் கல்லாக இறுகியிருந்த உணவை, முளை உள்ளிருந்து கரைத்து உறிஞ்சத் தொடங்குகிறது. அப்போது கொட்டையை வெட்டினால் பஞ்சுபோன்ற இனிப்பான பகுதி ஒன்று இருக்கும். தென்மாவட்டங்களில் தவுன் என்றும் யாழ்ப்பாணத்தில் பூரான் என்றும் அதைச் சொல்வார்கள். அதுதான் கல்லைக் கரைத்து முளைக்கு ஊட்டும் உறுப்பு. வெட்டாமல் விட்டுவிட்டால், கரைந்த உணவெல்லாம் மண்ணுக்குள் இறங்கிய முளையில் போய் மாவாகச் சேர்கிறது. மார்கழி, தையில் தோண்டினால் பனங்கிழங்கு. பொங்கலுக்குக் கரும்போடு பனங்கிழங்கு வீட்டுக்கு வருவது, செடியின் கணக்குப்படி அதற்கு அப்போதுதான் முறை வருகிறது என்பதால்தான்.

பதநீர், நுங்கு, பழம், தவுன், கிழங்கு என்று பெயர் மாறினாலும், ஓலையில் ஆன சர்க்கரை இடம் மாறிச் செல்லும் ஒரே பயணத்தின் ஐந்து நிறுத்தங்கள் இவை.

செடிக்கு மாதம் எப்படித் தெரிகிறது?

செலவை எங்கே திருப்புவது என்று செடி எப்போது முடிவு செய்கிறது? மழை, வெப்பம் ஆகியவை பலருக்கும் தெரிந்த விடைகள். மாமரத்தின் பூவை எடுத்துக்கொண்டால், மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகளும் மழையற்ற வறட்சியும் சேர்ந்தே பெரும்பாலும் அதைத் தூண்டுகின்றன. மழைக் காலம் வேறுபட்டிருக்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில் மற்ற மாவட்டங்களுக்கு ஒவ்வாத மாதங்களிலும் மாமரங்கள் பூத்துக் காய்ப்பது இதற்கு நல்ல சான்று. அங்குள்ள மரத்துக்கு அதுதான் பருவம்.

ஆனால் மழையும் வெப்பமும் ஆண்டுக்காண்டு முன்பின்னாக வருபவை. தவறாமல் ஒரே நாளில் வருவது ஒன்றுதான்: பகலின் நீளம். பகல், இரவு நீளத்தை உணர்ந்து பூக்கும் இயல்பை ஒளிக்காலத்துவம் என்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய கார்னர், அல்லார்டு ஆகிய இருவரும் கோடையில் எவ்வளவு ஊட்டினாலும் பூக்க மறுத்த ஒரு புகையிலை வகையை ஆராய்ந்து, பகல் குறுகினால்தான் அது பூக்கும் என்று 1920இல் வெளியிட்டார்கள். அத்தகைய செடிகளுக்குக் குறும்பகல் தாவரங்கள் என்று பெயர். உண்மையில் அவை அளப்பது இடையூறில்லாத இருட்டின் நீளத்தை. அதனால்தான் இரவு முழுவதும் விளக்கு வெளிச்சம் படும் இடத்தில் இவை பூக்கத் தாமதிக்கின்றன.

மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1 மணி 10 நிமிடம்தான். நாம் கவனிக்காமலேயே கடந்துவிடும் இந்தச் சிறிய வேறுபாட்டை, வீட்டுக் கொல்லையில் படரும் பந்தல் அவரை துல்லியமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆடியில் ஊன்றிய அவரை ஆவணி, புரட்டாசி முழுவதும் கொடியும் இலையுமாகப் பந்தலை மூடுகிறது. ஒரு பூ கூட இராது. "வெறும் கொடிதான் ஓடுகிறது" என்று முதன்முறை வளர்ப்பவர்கள் கவலைப்பட்டு உரம் போடுவார்கள். இரவு போதிய அளவு நீண்டதும், ஐப்பசி, கார்த்திகையில் கொடி முழுவதும் பூச்சரம் வந்து, மார்கழி, தையில் பறித்து முடியாத அளவுக்குக் காய்க்கிறது. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற பழமொழியின் உள்ளே மழைக் கணக்கோடு இந்த இருட்டுக் கணக்கும் இருக்கிறது. சித்திரையில் நட்டால் மாதக்கணக்கில் வெறும் கொடியைக் காக்க வேண்டும். கார்த்திகையில் நட்டால் கொடி வளர்வதற்கு முன்பே பூக்கும் முறை வந்து, நான்கு காயோடு முடிந்துவிடும். ஆடியில் நட்டால்தான் பூக்கும் முன் ஏராளமான இலை, அதாவது ஏராளமான ஆக்கும் இடம், தயாராக இருக்கும்.

பழைய சம்பா நெல் வகைகளில் பலவும் இந்த இயல்பு கொண்டவை. சில வாரம் முன்பின்னாக விதைத்தாலும் அவை ஏறத்தாழ ஒரே காலத்தில் கதிர் வாங்கி, மழை ஓய்ந்த தையில் அறுவடைக்கு வந்தன. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 வகையில் இந்த உணர்வு நீக்கப்பட்டிருந்தது. தண்ணீர் இருந்தால் எந்த மாதத்திலும் விதைக்கலாம். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த குத்து அவரை வகைகளும் ஆண்டு முழுவதும் காய்ப்பவை. ஆகவே கோடையில் அவரைக்காய் கடையில் இருப்பதைப் பார்த்து உடனே "செயற்கை" என்று சொல்வது சரியன்று. அந்தச் செடிக்கு விதைத்து எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு மட்டும்தான் உண்டு, மாதக் கணக்கு இல்லை.

உள்ளூர் உணவும் பருவ உணவும் ஒன்றா?

இல்லை. பருவம் என்பது செடியின் காலத்தைப் பற்றியது. உள்ளூர் என்பது செடிக்கும் அடுப்புக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றியது. இமாச்சலப் பிரதேசத்தில் ஆவணி, புரட்டாசியில் பறித்த ஆப்பிளை ஆக்சிஜன் குறைந்த குளிர் அறையில் வைத்து அடுத்த கோடையில் இங்கே விற்றால், அது பருவத்திலும் இல்லை, உள்ளூரும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பசுமைக்குடிலில் பருவம் தப்பி விளைந்த குடைமிளகாய் உள்ளூர்தான், பருவ உணவு அன்று.

தொலைவு ஏன் பொருட்படுத்த வேண்டியது என்பதற்கும் செடியின் கணக்கிலேயே விடை இருக்கிறது. பறித்த காய் இறந்துவிடுவதில்லை. அது மூச்சு விடுகிறது. அதாவது தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவழித்து உயிர் வாழ்கிறது. வருவாய் நின்ற பிறகு இருப்பை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துவதைப் போன்றது இது. பச்சைப் பட்டாணி, மக்காச்சோளக் கதிர் போன்றவற்றில் மிஞ்சிய சர்க்கரையும் பறித்த சில மணி நேரத்திலேயே மாவாக மாறத் தொடங்கிவிடும். கொல்லையில் ஒடித்த சோளக் கதிரை உடனே சுட்டுத் தின்றவருக்கு, சந்தையில் இரண்டு நாள் கிடந்த கதிர் ஏன் ருசிக்கவில்லை என்பது இப்போது புரியும். கீரைக்கு இந்த இழப்பு மிக விரைவு. சேனைக்கும் பூசணிக்கும் மிக மெதுவு. ஆகவே "உள்ளூர்" என்ற சொல்லைக் கீரையிடம் கண்டிப்பாகவும், கிழங்கிடமும் தானியத்திடமும் சற்றுத் தளர்வாகவும் பயன்படுத்துவது அறிவுக்கு ஒத்தது.

விதை மட்டும் இயல்பிலேயே நீரை இழந்து, மூச்சை மிகவும் அடக்கிக்கொண்டு காத்திருக்கும். நெல்லையும் துவரையையும் நாம் ஓராண்டு வைத்துக்கொள்ள முடிவது அதனால்தான். சுண்டைக்காய், கொத்தவரை, மோர்மிளகாய் ஆகியவற்றைச் சித்திரை வெயிலில் வற்றலாக்கும்போது நாம் செய்வதும் அதுவே: நீரை எடுத்துவிட்டால் அழுக வைக்கும் நுண்ணுயிரிகளுக்கு வாழ்வில்லை.

தானே முளைப்பவை

பருவத்தைப் புரிந்துகொண்ட மனிதர்கள், விதைக்காததையும் உண்ணத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். இதை இன்று அழகாகப் பேசுகிறோம். ஆனால் காட்டிலும் வரப்பிலும் கீரை பறித்தவர்கள் பெரும்பாலும் கூலிக்குக் களை எடுத்த பெண்கள், அதுவே அவர்கள் வீட்டின் அன்றைய குழம்பாக இருந்தது. இந்த அறிவின் உரிமையாளர்கள் அவர்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

மழை பெய்த சில நாட்களில் இத்தனை கீரை எங்கிருந்து வருகிறது? நிலத்தில் விழுந்த விதைகள் எல்லாம் உடனே முளைப்பதில்லை. ஈரம் இருந்தாலும் முளைக்காமல் தக்க காலத்துக்குக் காத்திருக்கும் நிலைக்கு விதை உறக்கம் என்று பெயர். பல சிறிய விதைகள் உறக்கம் கலைவதற்கு ஈரத்தோடு வெளிச்சமும் வேண்டும். உழும்போது புரளும் மண் அவற்றை ஒரு நொடி வெளிச்சத்துக்குக் காட்டுகிறது, அது போதும். ஆகையால்தான் உழாத தரையைவிட உழுத நிலத்தில் குப்பைக்கீரையும் பண்ணைக்கீரையும் அடர்த்தியாக எழுகின்றன.

எங்கே எது கிடைக்கும் என்பதற்கும் காரணம் உண்டு. நீர் தேங்கும் வயலிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை. வேலியில் ஏறுவதற்குத் துணை தேடும் முடக்கத்தான், தூதுவளை, கோவை. வெயில் காயும் மேட்டில் பிரண்டை. தரையோடு படரும் பருப்புக்கீரை வறட்சியில் நீரைக் காக்கப் பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் காற்றை வாங்கிப் புளிப்பாகச் சேர்த்து வைக்கும். அதனால் வறண்ட நாட்களில் விடியற்காலையில் பறித்தது மாலையில் பறித்ததைவிடப் புளிக்கும். நாக்கினாலேயே அறியக்கூடிய அறிவியல் இது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தானே முளைத்தது என்பதால் ஒரு செடி நல்லது ஆகிவிடாது. கார்த்திகையில் அழகாகப் பூக்கும் செங்காந்தளின் கிழங்கை உண்ணும் கிழங்கு என்று எண்ணித் தின்றால் உயிர் போகும். காளானில், வெள்ளையாக இருந்தால் நல்லது, பூச்சி தின்றிருந்தால் நாமும் தின்னலாம் என்ற வழக்குகள் எல்லாமே ஏமாற்றக்கூடியவை. தொடங்குபவர்கள் காட்டுக் காளானைத் தொடாமல் இருப்பதே முறை. கீரையிலும், இலை, தண்டு, பூ மூன்றையும் அறிந்த ஒருவர் அருகிலிருந்து காட்டும் வரை எதையும் வாயில் வைக்க வேண்டாம். களைக்கொல்லி தெளித்த வரப்பிலும், சாக்கடை ஓரத்திலும், நெடுஞ்சாலை விளிம்பிலும் வளர்ந்தது எவ்வளவு தளதளப்பாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மானாவாரிக் காடுகளைப் போன்ற ஓர் இடத்தில், களையெடுப்பின்போது ஒரு நாள் நின்று பார்ப்பது நல்லது. புரட்டாசி மழையில் விதைத்த உளுந்துக்கும் சோளத்துக்கும் இடையே தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் எழும். களை பிடுங்கும் பெண்கள் பிடுங்கியதையெல்லாம் வரப்பில் எறிய மாட்டார்கள். இளந்தளிர்களை மட்டும் கிள்ளி மடியில் கட்டிக்கொள்வார்கள், மாலையில் அது பருப்போடு கடையப்படும். கார்த்திகை கடந்து பண்ணைக்கீரையின் நுனியில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் கதிர் எழுந்துவிட்டால், அதே செடியின் பக்கம் அவர்கள் கை போகாது. அதைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்வார்கள்.